அழிக்கச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் தேவையில்லை

“உங்கட போனில இருக்கிற படங்களில பாதியை இண்டைக்கே அழியுங்கோ. மனம் லேசாகும்.”

இந்த ஒரு வருசத்துக்குள் இந்த வசனத்தை வேறுவேறு வாய்களிலிருந்து கேட்டாயிற்று. யூரியூப் காணொளிகளில் கேட்டோம், ஆளுமை விருத்தி என்ற பெயரில் நடக்கிற அரைநாள் பட்டறைகளில் கேட்டோம், விடுமுறைக்கு வந்து நிற்கிற வெளிநாட்டு அண்ணாமாரிடமும் கேட்டோம். இதற்கு ‘டிஜிட்டல் துப்பரவு’ என்று பெயர். பட்டியல் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரு வருசமாகத் திறக்காத கோப்பை அழி. ஒரே மாதிரியான படங்களில் ஒன்றை மட்டும் வை. பழைய உரையாடல்களை நீக்கு. தேவையில்லாத குழுக்களிலிருந்து வெளியேறு. இன்பொக்ஸைப் பூச்சியமாக்கு. கடைசியில் கிடைப்பது வெறுமையான ஒரு திரை, அதிலே பின்னணியாக ஒரு மலைப் படம். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நிம்மதியாக மூச்சு விடவேண்டுமாம்.

இந்த அறிவுரை எங்கட நிலத்துக்குப் பொருந்தாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நான் அதைவிடக் கொஞ்சம் கூடச் சொல்ல நினைக்கிறேன். இது எங்களுக்குக் கெடுதலான அறிவுரை. அழிவதற்கு ஆயிரம் வழி இருக்கிற ஒரு சமூகத்திடம் வந்து, மிச்சத்தை நீங்களே அழியுங்கள், அதற்குப் பெயர் ஒழுங்கு என்று சொல்கிற அறிவுரை.

முதலில் இது எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜப்பானைச் சேர்ந்த மாரி கொண்டோ வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதிய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்தது. 2019இல் நெற்ஃபிளிக்ஸில் தொடராகவும் வந்தது. ஒரு பொருளைக் கையில் எடுங்கள், அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேளுங்கள், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்பதுதான் அவருடைய வழி. அதே 2019இல் கேல் நியூபோர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ‘டிஜிட்டல் மினிமலிசம்’ என்ற புத்தகத்தை எழுதினார். அதற்கு முன்பே, 2007இல், மேர்லின் மான் என்பவர் ‘இன்பொக்ஸ் ஸீரோ’ பற்றிக் கூகுள் நிறுவனத்துக்குள்ளேயே போய்ப் பேசியிருந்தார்.

இந்த மூன்று பேரையும் நான் குறை சொல்லவில்லை. நியூபோர்ட் பேசுவது கவனச் சிதறல் பற்றி. எங்களுடைய நேரத்தை இந்தச் செயலிகள் எப்படித் தின்னுகின்றன என்பது பற்றி. அது சரியான பேச்சு. இரவு ஒரு மணிக்கு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிற எவருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மேர்லின் மான் கூடப் பூச்சியம் என்று சொன்னது மின்னஞ்சல் எண்ணிக்கையை அல்ல, எங்கட மூளை அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிற நேரத்தைத்தான். ஆனால் இங்கே வந்து சேர்ந்த சரக்கு வேறை. அறிவித்தல் ஒலியை நிறுத்துவதும் அம்மாவின் படத்தை அழிப்பதும் ஒரே வேலை என்பதுபோல எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரு பட்டியலாக்கித் தருகிறார்கள்.

வீட்டை ஒதுக்குகிற விதியைப் போனுக்குக் கொண்டுவந்ததில் ஒரு அடிப்படைப் பிழை இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒருத்தர் நாற்பது சட்டையில் முப்பதைக் கொடுத்துவிடுகிறார் என்றால், தேவைப்படுகிற அன்று கடைக்குப் போய் பதினோராவது சட்டையை வாங்குவார். எங்கட போனில் இருக்கிறது கடையில் விற்கிற சாமான் இல்லை. அதற்கு இரண்டாவது பிரதி எங்கேயும் இல்லை. அவர்களுடைய படங்கள் தாமாகவே மேகக் கணிமைக்குப் போகும், மடிக்கணினியில் ஒன்று கிடக்கும், வன்தட்டில் இன்னொன்று கிடக்கும். அவர்கள் ‘அழித்தேன்’ என்று சொன்னால் ஒரு பிரதியை அழித்தேன் என்று அர்த்தம். எங்கட கம்பஸில் கனபேருக்கு லப்டொப்பும் இல்லை, வேறு பிரதியும் இல்லை. உள்ளது ஒரு போன். 2022இல் ரூபா விழுந்த பிறகு அந்தப் போனை மாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. நாங்கள் அழித்தால் அது போனதுதான்.

இதில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. குவிந்து கிடப்பது எங்களுடைய குணக்கேடு என்று ஆக்கிவிடுகிறார்களே, அந்த இடம். சோம்பேறித்தனம், கட்டுப்பாடின்மை, பழசைவிட்டு வரத் தெரியாத மனம் என்றெல்லாம் பெயர் வைக்கிறார்கள். குவியச் சொன்னது ஆர்? 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி ஜிமெயில் வந்தபோது ஒரு ஜிகாபைட் இடம் தந்தார்கள். அன்றைக்கு அது நம்பமுடியாத அளவு. இனி ஒருவரும் ஒரு கடிதத்தையும் அழிக்கவேண்டியதில்லை, அடுக்கவும் வேண்டியதில்லை, தேடினால் கிடைக்கும் என்பதுதான் அவர்களுடைய விளம்பரமே. பிறகு கூகுள் ஃபொட்டோஸ் வந்தது. எவ்வளவு படமென்றாலும் போடு, இலவசம் என்றார்கள். உலகமே போட்டது. 2021 யூன் முதலாம் திகதியோடு அந்த இலவசம் முடிந்தது. அதற்குப் பிறகு ஏற்றிய ஒவ்வொரு படமும் 15 ஜிகாபைட் கணக்குக்குள் வரத் தொடங்கியது. அண்ட்ரொய்டில் வட்ஸ்அப் காப்புப் பிரதி கணக்கில் வராமல் இருந்தது. 2024இலிருந்து அதுவும் அந்த 15க்குள். இப்போது சிவப்பு எழுத்தில் ‘இடம் முடிந்துவிட்டது’ என்று அறிவித்தல் வருகிறது. மாதாமாதம் கட்டு, இல்லாவிட்டால் அழி. கட்டுவதற்கு வங்கி அட்டை வேண்டும். பெடியளிடம் அது இல்லை. ஆகவே அழிக்கிறான். அழிப்பதைப் பற்றி மனம் லேசாகும் என்று ஒருத்தர் வந்து வகுப்பெடுக்கிறார்.

இதற்குள் ஒரு சின்னக் கணக்கையும் பார்த்துவிடலாம். வட்ஸ்அப்பில் வருகிற ஒரு படம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. ஏறக்குறைய 200 கிலோபைட் என்று வையுங்கள். ஐயாயிரம் படம் சேர்ந்தால்தான் ஒரு ஜிகாபைட். ஆரோ அனுப்பிய ஒரு படம், இரண்டு சமையல் வீடியோ, மூன்று அரசியல்வாதிகளின் உரை, அவ்வளவோடு அந்த ஒரு ஜிகாபைட் முடிந்துவிடும். வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் சேமிப்பை நிர்வகிக்கிற இடத்துக்குப் போனால், ஐந்து மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றையும் பலதரம் முன்னனுப்பப்பட்டவற்றையும் அதுவே தனியாகப் பிரித்துக் காட்டும். அதை அழியுங்கள், ஆரும் அழமாட்டார்கள். ஆனால் பட்டறைக்காரர் சொல்வது அதை இல்லை. அவர் சொல்வது படங்களை. ஏனென்றால் சித்தப்பாவின் கலியாண வீட்டுப் படத்தை அழிக்கும்போதுதான் ‘விட்டுவிடுதல்’ என்ற ஆன்மீகச் சுகம் கிடைக்குமாம். குட்மோர்னிங் வீடியோவை அழித்தால் அந்தச் சுகம் கிடைக்காதே.

மகிழ்ச்சி தருகிறதா என்ற கேள்விக்கு வருவோம்.

எங்கட வீடுகளில் ஒரு பை இருந்தது. எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்த அன்று எடுத்த பை. வன்னியில் அதே பையோடு இடம்மாறி இடம்மாறிப் போயிருக்கிறார்கள். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, காணி உறுதி, ஓ.எல், ஏ.எல் பெறுபேற்றுத் தாள்கள், குடும்ப அட்டை, சில படங்கள். வெள்ளத்துக்கும் மழைக்கும் பொலித்தீனால் சுற்றி, எடுக்கச் சுகமாகக் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கும். அந்தப் பையை அடுக்கினது பெரும்பாலும் அம்மாமார், அம்மம்மாமார். எதை எடுப்பது எதை விடுவது என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் தெரிவு செய்திருக்கிறார்கள். தையல் மெசினை விட்டிருக்கிறார்கள், பித்தளைக் குடத்தை விட்டிருக்கிறார்கள், அல்பத்தைக் கிழித்து நாலு படத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த ‘மினிமலிஸ்ட்’டுக்கும் அந்தப் பயிற்சி கிடைத்திருக்காது. அவர்கள் தெரிவு செய்ததற்கு அளவுகோல் மகிழ்ச்சி இல்லை. காணி உறுதியைப் பார்த்து ஆரும் மகிழ்வதில்லை. நாளைக்கு ஒருத்தன் வந்து ‘நீ ஆர், இது உன்ர காணி எண்டதுக்கு என்ன ஆதாரம்’ என்று கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அளவுகோல். கேட்கவும் செய்தார்கள். உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் விடுபட்டபோது உறுதி வைத்திருந்தவர்களும் தொலைத்தவர்களும் ஒரே மாதிரியாகவா திரும்பிப் போனார்கள்?

படங்களும் அப்படித்தான். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் அந்தத் தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில படங்கள் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியவை. சிலது பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தவை, பக்கத்தில் நின்றவனின் தோள் இன்னும் ஓரத்தில் தெரியும். பெரிதாக்கிப் பெரிதாக்கி முகம் கலங்கிப் போயிருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதன் அர்த்தம் என்ன என்று அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து ‘ஒரே மாதிரியான படங்களில் ஒன்றை மட்டும் வை’ என்று சொல்லட்டும்.

இது எல்லாம் பழைய கதை, உங்கட தலைமுறைக்கு என்ன என்று கேட்கலாம். என்னோடு படிக்கிற ஒருத்தியின் அம்மம்மா செத்து இரண்டு வருசம். அவவுக்கு எழுதத் தெரியாது, ஆகவே குடும்ப வட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் குரல் பதிவாகத்தான் போடுவா. ‘கனடாவில குளிராமே, சேட்டரைப் போட்டுக்கொண்டு திரி’ மாதிரி அரைநிமிசப் பதிவுகள். அவவின் குரல் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. பாஷையும்தான், தீவுப்பக்கத்தில் இப்போது எங்கட வயதில் ஒருத்தரும் கதைக்காத சொற்கள் அதிலே கிடக்கின்றன. மொழியியல் படிக்கிற ஆளுக்கு அது பொக்கிசம். துப்பரவுப் பட்டியலின்படி அது என்ன? ‘பழைய குரல் பதிவுகள், உடனடியாக நீக்கவும்.’

சரி, அழிப்பதிலே இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பட்டறையிலும் கதைக்க மாட்டார்கள். மே மாதமும் நவம்பர் மாதமும் கிட்ட வரும்போது போனைத் ‘துப்பரவாக்குகிற’ பழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் கனபேருக்கு இருக்கிறது. 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், முகநூலில் போட்ட ஒரு படத்துக்காக, ஒரு பகிர்வுக்காக 2020இலும் 2021இலும் ஆட்களைப் பிடித்தார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்து சேர்ந்தது. முன்னம் சோதனைச் சாவடிக்குப் பயந்து படங்களை எரித்தார்கள், கிணற்றடியில் தாட்டார்கள். இப்போது அந்தக் கிணற்றடி போனுக்குள் வந்துவிட்டது. பயத்தில் அழிப்பவரை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். பிள்ளை வெளியில் திரிய வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். ஆனால் பயத்தில் அழிப்பதையும் ‘மனம் லேசாக’ அழிப்பதையும் ஒரே சொல்லால் அழைத்து, இரண்டாவதை ஒரு நாகரிகமாக விற்கும்போது முதலாவது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு சமூகம் ஏன் இவ்வளவு அழிக்கிறது என்ற கேள்வியே எழாமல் போகிறது.

அப்படியென்றால் எதையுமே அழிக்கக் கூடாதா? அழிக்கவேண்டியது இருக்கிறது. மற்ற ஆளின் அந்தரங்கப் படம், ஆரோ ஒரு பிள்ளை நம்பி அனுப்பினது, உங்கட போனில் இருக்கத் தேவையில்லை. இருவரின் உரையாடலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ‘எப்பவாவது உதவும்’ என்று வைத்திருக்கிற பழக்கம் கேவலமானது. இதைவிட, எந்தக் கொமினிகேசன் கடைக்கும் போய் அங்கே இருக்கிற கணினியின் முகப்பைப் பாருங்கள். ஊரில் உள்ளவர்களின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சுயவிபரக்கோவை எல்லாம் வரிசையாகக் கிடக்கும். அச்செடுக்க வந்தவர் போய்விட்டார், ஆவணம் அங்கேயே. துப்பரவுக்காரர்கள் அங்கே போகட்டும், நானும் விளக்குமாறோடு வருகிறேன். அடுத்தவருடையதை அழிக்கவேண்டிய கடமையைப் பற்றி மூச்சு விடாமல், எங்களுடையதை அழிக்கச் சொல்லி எங்களுக்கே பாடம் எடுப்பதுதான் எனக்கு ஒத்துவராத விசயம்.

எதையும் அழிக்காமல் குவித்து வைத்திருப்பது மட்டும் போதும் என்றும் நான் சொல்லவரவில்லை. ஒழுங்கில்லாமல் வைத்திருப்பதற்கும் தொலைப்பதற்கும் இடையில் பெரிய தூரம் கிடையாது. வட்ஸ்அப்பில் வருகிற படத்தின் பெயரைப் பாருங்கள். ஐஎம்ஜி என்று தொடங்கி, எட்டு இலக்கத்தில் ஒரு திகதி, பிறகு டபிள்யூஏ, ஒரு எண். அந்தத் திகதி படம் எடுத்த திகதி இல்லை, அனுப்பப்பட்ட திகதி. 1983இல் எடுத்த படத்தை மாமா நேற்று அனுப்பினால் அது நேற்றைய படம். கமெரா படத்துக்குள் எழுதிவைக்கிற விபரங்களை, எப்போது எடுத்தது, எந்தக் கமெரா, எந்த இடம் என்பதை எல்லாம், வட்ஸ்அப் அனுப்பும்போது உரித்துவிடுகிறது. அளவையும் சுருக்குகிறது. படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். இந்த ஒரு விசயத்தை ஊரில் இருக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாலே பெரிய வேலை. படத்தில் நிற்கிறவர்கள் ஆர் ஆர் என்று பெயர் எழுதுவது அதைவிடப் பெரிய வேலை. இதைச் செய்ய அம்மா, பெரியம்மா உயிரோடு இருக்கிற காலம்தான் இருக்கிறது.

இன்னொன்று, பாமினி. பழைய கணினிகளிலும் சீடிக்களிலும் கிடக்கிற எங்கட ஆக்களின் கோப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. சங்க அறிக்கைகள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள், சஞ்சிகைகளின் மூலப்பிரதிகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைபோலத் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே அரைப்புள்ளியில் முடிகிற ஏதோ ஒன்றாகத் தெரியும். துப்பரவு மனநிலையோடு இருக்கிற ஒருத்தன் அதைப் பார்த்தால் பழுதாய்ப்போன கோப்பு என்று அழித்துவிடுவான். அதை ஒருங்குறிக்கு மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஒரு நிமிச வேலை. எத்தனை மலர்கள் இப்படிக் குப்பையென்று போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்களுக்கு முன்னால் ஒழுங்குபடுத்தலின் இன்னொரு மரபு இருந்தது. குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகைகளை வெட்டி, விசயவாரியாகப் பிரித்து, வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். இன்றைய பட்டறைக்காரர் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தால் ‘சேர்த்துக்குவிக்கும் நோய்’ என்று சொல்லியிருப்பார். 2005இலிருந்து இயங்குகிற நூலகம் எண்ணிம நூலகத்தில் நாங்கள் ஒப்படைக்காகத் தரவிறக்குகிற பழைய சஞ்சிகைகள் எங்கேயிருந்து வந்தன? வீட்டுப் பரணில், அலுமாரிக்கு மேலே, மனிசி பேசப் பேச எறியாமல் வைத்திருந்த ஆட்களிடமிருந்து கனக்க வந்தன. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போனது என்று ஒவ்வொரு யூனிலும் பதிவு போடுகிறோம். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டுமா?

இந்த இடத்தில் எங்கட பக்கத்து ஆக்களோடும் கொஞ்சம் சண்டை இருக்கிறது. நினைவு, மறதி, ஆவணம் என்று மூன்று நாள் கருத்தரங்கு வைக்கிறவர்கள்தான் அந்தக் கருத்தரங்கை முகநூல் நேரலையில் மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். கொரோனாக் காலத்தில் நடந்த நூல் வெளியீடுகள், அஞ்சலிக் கூட்டங்கள், இன்றைக்கு உயிரோடு இல்லாத எழுத்தாளர்கள் ஸூமில் வந்து மணித்தியாலக் கணக்கில் கதைத்தது, கனக்க அந்த நேரலையில்தான் இருந்தது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதியிலிருந்து மெற்றா நிறுவனம் விதியை மாற்றியது. புது நேரலைகள் 30 நாளைக்குத்தான் இருக்கும். பழையவற்றுக்கு அறிவித்தல் அனுப்பி, தரவிறக்க 90 நாள் தந்து, பிறகு நீக்கம். அந்த அறிவித்தல் போனது பக்கத்தை நடத்துகிறவர்களின் கணக்குக்கு. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்து இறக்கி வைத்தார்கள்? இதைப்பற்றி எங்கட கலை இலக்கியச் சூழலில் ஒரு சின்னச் சத்தமாவது வந்ததா? ஆளுக்காள் எதிர்வினை எழுத நேரம் இருந்தது.

இது முதல்தரமும் இல்லை. இணையத்தில் தமிழ் எழுத்து தவழத் தொடங்கின காலத்தில் மரத்தடி, ராயர்காப்பிகிளப் போன்ற குழுமங்கள் யாஹூவில்தான் நடந்தன. யாஹூ 2009இல் ஜியோசிற்றீஸை மூடியது, 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்களையும் மூடியது. இப்போது கூகுள், இரண்டு வருசம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. அதாவது, செத்துப்போன ஒரு அண்ணாவின் ஜிமெயிலும் அதிலுள்ள படங்களும், கடவுச்சொல் தெரியாத அம்மா கையைப் பிசைந்துகொண்டிருக்க, தானாகத் துப்பரவாகும். செயலற்ற கணக்கை ஆரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே பதிவு செய்கிற வசதி கூகுளில் இருக்கிறது. பத்து நிமிச வேலை. எந்தத் துப்பரவுக் காணொளியாவது இதைச் சொல்லித் தந்ததா?

எனவே ஒழுங்கு என்றால் எனக்கு விளங்குவது இவ்வளவுதான். முக்கியமானதற்கு மூன்று பிரதி, இரண்டு வேறுவகைச் சாதனத்தில், அதிலே ஒன்று வேறு ஊரில். ஆவணக்காரர்கள் கனகாலமாகச் சொல்கிற விதி இது. வன்தட்டு வாங்கக் காசில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். எங்கட ஊரில் சீட்டுப் பிடிக்கத் தெரியாத ஆள் ஆர்? கோப்புக்குப் பெயர் வைப்பது: வருசம், இடம், ஆள். குடும்பத்தில் ஒருத்தர் இதற்குப் பொறுப்பு. முன்னம் அந்தப் பைக்கு அம்மா பொறுப்பாக இருந்த மாதிரி. தனித்தனி ஆளாக நின்று தன்ர மனதை லேசாக்குகிற விளையாட்டில்லை இது. நாலு பேர் கூடி இருந்து செய்கிற வேலை.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். எங்களுக்கு இன்னும் நேரான பொறுப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் இறுதியாண்டு ஆய்வுக்காக வரலாறு, சமூகவியல், புவியியல், நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற பெடி பெட்டையள் போனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். எழுபது, எண்பது வயது ஆக்களிடம் மணித்தியாலக் கணக்காகக் கதை கேட்டுப் பதிகிறார்கள். கரைவலை இழுத்தவர், தும்புத் தொழில் செய்தவர், ஏழு இடம் இடம்பெயர்ந்தவர், கூத்தில் பெண்வேடம் கட்டினவர். ஆய்வேட்டில் அதிலிருந்து வருவது பத்து மேற்கோள். ஏட்டைக் கட்டி, பொன்னெழுத்துப் போட்டு, ஒப்படைத்து, புள்ளி வந்ததும் அந்த ஒலிப்பதிவு என்ன ஆகிறது? போனில் இடம் இல்லை, அழிபடுகிறது. கட்டின ஏடு இறாக்கையில் இருக்கும். அந்த மனிசனின் குரல் இருக்காது. அவர் அதற்குள் செத்தும் போயிருப்பார். எந்த விரிவுரையாளரும் ஒலிப்பதிவைத் தா என்று கேட்டதாக நான் அறியவில்லை. அடிக்குறிப்பில் முற்றுப்புள்ளி பிழையென்றால் மட்டும் ஏடு திரும்பி வரும்.

இந்த வருச இறுதியாண்டுக்காரர்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை. அழிக்க முதல் ஒரு பென்னில் போட்டுத் தாருங்கள் என்று எங்கட பச்சில் மூன்று பேர் கேட்டுத் திரிகிறோம். கதை சொன்னவரின் பெயர், ஊர், பதிந்த திகதி, பிறகு அவர் இதை வைத்திருக்கச் சம்மதித்தாரா என்பது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். பெயர் வெளியே வரக்கூடாது என்று சொன்னவர்களிடம் திரும்பவும் போய்க் கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் அதை நாங்களே அழித்துத் தருவோம். இதுவரைக்கும் ஐந்து பேர் தந்திருக்கிறார்கள். இருவர் ‘போன வாரம்தான் அழிச்சனான் மச்சான்’ என்றார்கள். பரீட்சை முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வேறு பீடத்தில், வேறு வளாகத்தில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால், அங்கேயும் ஆராவது ஒரு ஆள் இந்த வேலையைத் தொடங்குங்கோ.